தொட்டிக்குத் தூர் வாரினோம்!

மீன் தொட்டி வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. விருந்தாளி வந்தால் மட்டும் தொட்டிப் பக்கம் கையைக் காட்டி, “கோல்டு ஃபிஷ் சார், கொளத்தூர்ல வாங்கினது” என்று சொல்லிவிட்டு மறுபடி டி.வி. பக்கம் திரும்புகிறவர்கள் முதல் ரகம். காலையில் காபி டம்ளருடன் தொட்டி எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், அடுத்த காபிக்குத்தான் எழுந்திருப்பேன் என்கிறவர்கள் இரண்டாவது ரகம்.

நான் முதல் ரகம். என் அப்பா இரண்டாவது.

அப்பாவுக்கு வயது 74. அரசாங்க ஆபீஸ் ஒன்றில் 35 வருஷம் ரிக்கார்டு பார்த்து ரிடையர் ஆனவர். 2022-ல் அம்மா போன பிறகு, திண்டிவனம் பக்கத்துக் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு பெரம்பூர் ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டார். பையன் ஏழே முக்காலுக்கு ஸ்கூல் வேன் ஏறிவிடுவான். நான் எட்டரைக்கு ரயிலைப் பிடிக்க ஓடுவேன். மனைவிக்கு ஒன்பது மணி பஸ். அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் வீட்டில் அப்பாவும் சீலிங் ஃபேனும்தான். ஃபேன் பேசாது. அப்பாவும் அதிகம் பேசமாட்டார்.

இதைப் பார்த்துவிட்டு என் மச்சினன் ஒருநாள் ஆட்டோவில் ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். உள்ளே இரண்டு தங்க மீன். கறுப்பாக, கண்ணாடியில் வாயை ஒட்டவைத்துக்கொண்டு ஒரு மூன்றாவது ஆசாமி. “இது டேங்க் கிளீனர் மாமா. இது இருந்தா நீங்க தொட்டியைக் கழுவவே வேணாம்” என்றான். மச்சினன் வாக்கை நம்பி வீட்டுக்காரர்கள் கெட்டுப் போன கதைகளில் இதுவும் ஒன்று.

ஒரே மாதத்தில், அப்பா ஹாலில் நடந்தால் மீன்களும் கண்ணாடிக்குள்ளே கூடவே நடக்க ஆரம்பித்தன. “என்னைப் பார்த்தா ஓடி வருதுடா” என்பார் அப்பா, முகமெல்லாம் பெருமையாக. ஆபீஸில் எனக்குக் கீழே நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். ஒருத்தர்கூட என்னைப் பார்த்து அப்படி ஓடி வந்ததில்லை.

தங்க மீனுக்கு ஞாபகசக்தி மூன்றே விநாடி என்று ஒரு கதை உண்டு. சுத்தப் பொய். பழக்கினால் மாதக்கணக்கில் ஞாபகம் வைத்துக்கொள்ளும். யார் வந்தால் சாப்பாடு வரும் என்பது அதற்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் வந்தது வினை. ஓடி வந்த ஜீவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப அப்பாவுக்கு மனசு வராது. காபிக்குப் பிறகு ஒரு சிட்டிகை. பேப்பர் படித்து முடித்ததும் ஒரு சிட்டிகை. “பாவம், பசிக்கும்” என்று மத்தியானம் ஒரு சிட்டிகை. சாயங்காலம் பையன் பங்குக்கு ஒன்று.

தங்க மீனுக்கு இரைப்பை என்று தனியாக ஒன்று கிடையவே கிடையாது. வாயில் போனது நேரே குடலுக்குப் போகும். அதனால் “போதும்” என்று சொல்லத் தெரியாத ஜென்மம் அது. கல்யாணப் பந்தியில் நம் ஆபீஸ் கோஷ்டி மாதிரி. தின்றது பாதி, மிச்சம் கூழாங்கல் இடுக்கில். கொஞ்ச நாளில் தொட்டித் தண்ணீர் கஷாய நிறத்துக்கு வந்தது. கண்ணாடியில் பாசி. கிட்டே போனால் ஒரு வாடை.

ஒரு சனிக்கிழமை காலை. பெரிய மீன் தண்ணீர் மட்டத்துக்கு வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மூச்சுக்குத் திணறுகிறது என்று பார்த்தாலே தெரிந்தது. அப்பா இட்லியைத் தொடவில்லை.

“இதுவும் போயிடுமாடா?” என்றார்.

அந்த ‘இதுவும்’தான் என்னை அன்றைக்கு ஆபீஸில் உட்கார விடவில்லை.

மீன் தொட்டி விஷயத்தில் ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. மனைவி சொன்னாள்: “எல்லாத் தண்ணியையும் கீழ ஊத்திட்டு, பாத்திரம் தேய்க்கிற மாதிரி பளிச்சுனு தேய்ச்சுடுங்க. வேணும்னா நான் சோப்புத் தூள் கரைச்சுத் தரேன்.” அப்பாவும் அதே கட்சி. “கிணத்துக்குத் தூர் வார்றப்ப எங்க காலத்துல சொட்டுத் தண்ணி விடாம எறைச்சுட்டுத்தான் உள்ள எறங்குவோம். வார்றதுன்னா முழுசா வாரணும். அரைகுறை வேலை ஆகாது.”

எனக்கு எதிர் ஃப்ளாட் சார் ஞாபகம் வந்தார். அவரும் முழுசாகத்தான் வாரினார். மீன்களைப் பக்கெட்டில் விட்டுவிட்டு, கூழாங்கல்லைச் சோப்புத் தூளில் ஊறப்போட்டு, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வெள்ளை வெளேர் என்று வரும்வரை கசக்கி, புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றினார். தொட்டி நகைக் கடை ஷோகேஸ் மாதிரி ஜொலித்தது. அக்கம்பக்கத்தை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நாலாம் நாள் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்க ஆரம்பித்தன. ஒரு வாரத்தில் தொட்டி காலி. கண்ணாடி மட்டும் இன்றைக்கும் ஜொலிக்கிறது. உள்ளே அவர் பையனுடைய கிரிக்கெட் பந்துகள் இருக்கின்றன.

அன்று சாயங்காலமே கொளத்தூருக்கு வண்டியை விட்டேன். வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கிற ஊர். ஒரு கடைக்காரர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “சார், மீனை வளர்க்காதீங்க. தண்ணியை வளருங்க. மீன் தானா வளரும்” என்றார். தண்ணீரை எப்படி வளர்ப்பது என்று விழித்தேன். ஒரு டீ ஆறுகிற நேரத்துக்குள் பாடம் எடுத்துவிட்டார்.

மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அம்மோனியா வெளியே வரும். தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியா. அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை வந்து அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அதை மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும். வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் நைட்ரேட்டும் குறைந்துவிடும். 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி இந்த பாக்டீரியாக்களை மண்ணிலிருந்து பிரித்துக் காட்டினார். (இந்த ஒரு வரி கடைக்காரர் சொன்னதல்ல, வீட்டுக்கு வந்து நான் படித்தது.)

இந்தச் சிப்பந்திகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பது குறைவு. ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறார்கள். நாம் ‘அழுக்கு’ என்று பார்க்கிற அந்தப் பழுப்புப் பிசுக்கிலேயே அவர்களும் இருக்கிறார்கள். பஞ்சைக் குழாயடியில் வைத்தால் குளோரின் அவர்களைத் தீர்த்துக் கட்டிவிடும். புதுசாக ஒரு கூட்டம் உருவாகி வேலைக்கு வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அம்மோனியாவைக் கவனிக்க ஆள் இல்லை. எதிர் ஃப்ளாட் சாரின் மீன்கள் போனது அழுக்கினால் அல்ல, சுத்தத்தினால்!

ஆபீஸ் நண்பர்களுக்கு இது சட்டென்று புரியும். புது மேனேஜர் வருவார். ஓரத்தில் கசங்கிய சட்டையோடு உட்கார்ந்திருக்கும் பழைய கிளார்க்கைப் பார்த்து, “இவர் எதுக்கு?” என்று வேறு ஊருக்கு மாற்றிவிடுவார். மறுநாள் ஒரு ஃபைல்கூடக் கிடைக்காது. மேஜை மட்டும் சுத்தமாக இருக்கும்.

கடைக்காரர் கொடுத்த உத்தரவுகள் இவை: இன்றைக்கு ராத்திரி தீனி கிடையாது. காற்று மோட்டார் நிற்கக் கூடாது. போனவுடன் குளோரின் முறிக்கும் மருந்து நாலு சொட்டு விட்டு அரை பக்கெட் தண்ணீர் மாற்றவும். நாளை பெரிய வேலை. ஆனால் தவணை முறையில்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கிணற்றுக் கட்சியை விட்டு அவர் லேசில் இறங்குவதாக இல்லை. “கிணத்தை முழுசா எறைச்சோமே, ஏதாவது கெட்டுப் போச்சா?”

“கிணத்துக்கு ஊத்து இருந்துச்சுப்பா. எறைச்சாலும் சுரந்துச்சு. இந்தத் தொட்டிக்கு ஊத்து எது?”

அப்பா தொட்டியைப் பார்த்தார். நான் மூலையில் குமிழி விட்டுக்கொண்டிருந்த பஞ்சைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“அப்ப ஊத்துக்கண்ணை அடைக்கக் கூடாதுங்கறே” என்றார். அதற்குப் பிறகு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மனைவி மட்டும் சோப்புத் தூளை வருத்தத்தோடு உள்ளே வைத்தாள்.

தண்ணீர்க் கணக்கை அப்பாதான் போட்டார். ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம். தொட்டி இரண்டு கன அடி, ஆக 56 லிட்டர். கல்லையும் மேலே விட்ட இடத்தையும் கழித்தால் 50. அதில் 40 சதவிகிதம் 20 லிட்டர். அதற்கு மேல் ஒரே நாளில் மாற்றினால் மீனுக்குத் தாங்காது. ராத்திரியே பெரிய பக்கெட்டில் 20 லிட்டர் பிடித்து, மூடாமல் ஹாலிலேயே வைத்தோம். ஒரு நாள் திறந்து கிடந்தால் குளோரின் தானாகப் பறந்துவிடும். தொட்டிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சூடும் ஒன்றாகிவிடும். சென்னை மெரினாவில் 1909-லேயே ஒரு மீன் காட்சிசாலை திறந்தார்கள். அவர்களுக்குக் கடலே பக்கத்தில் இருந்தது. நமக்கு வாய்த்தது குழாயும் பக்கெட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை ஆரம்பமானது.

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். தண்ணீரில் கை வைக்கும் முன் கரண்ட் இருக்கக் கூடாது. மீன்களைப் பிடிக்கவில்லை. வலை போட்டுத் துரத்தினால் பாதி உயிர் அதிலேயே போய்விடும். உள்ளேயே இருக்கட்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். தொட்டியையும் நகர்த்தவில்லை. 50 கிலோ தண்ணீரோடு தூக்கினால் கண்ணாடி மூட்டு விட்டுப்போகும். பிறகு மாடி வீட்டுக்காரன் ஒழுகவிட்டால் நாம் போடுகிற சண்டையைக் கீழ் வீட்டுக்காரர் நம்மோடு போடுவார்.

கண்ணாடிப் பாசிக்குக் காலாவதியான என் ஏ.டி.எம். கார்டு. அந்தக் கார்டு உருப்படியாக ஒரு காரியம் செய்தது அன்றைக்குத்தான். இரும்பு நார் போட்டால் கீறல் விழும். மேல் விளிம்பில் போர் தண்ணீர் விட்டுப்போன வெள்ளை உப்புக் கறையை, தண்ணீர் மட்டம் இறங்கின பிறகு எலுமிச்சம்பழ மூடியால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தோம். சோப்பு, ஃபினாயில், பாத்திரம் கழுவும் பொடி எதுவும் தொட்டிப் பக்கம் வரவே கூடாது.

அடுத்தது கூழாங்கல். அரை அங்குல பிளாஸ்டிக் டியூப். அப்பா ஒரு காலத்தில் கெரசின் டின்னிலிருந்து வாயால் உறிஞ்சி இழுத்த அனுபவஸ்தர். “தள்ளுடா” என்று வாயைக் கொண்டுபோனார். அது வேண்டாம் என்று, டியூபைத் தண்ணீரால் நிரப்பி இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைத்து, ஒன்றைத் தொட்டியிலும் இன்னொன்றைக் கீழே பக்கெட்டிலும் விட்டோம். தானாக இறங்க ஆரம்பித்தது. டியூபைக் கல்லுக்குள் குத்திக் குத்தி எடுத்தேன். அப்பா பக்கெட்டைப் பிடித்துக்கொண்டார்.

வந்தது பாருங்கள்! ரசத்தில் அடி வண்டல் மாதிரி, புழுதி புழுதியாக. நடுவில் ஊறி உப்பிய தீனி உருண்டைகள்.

அப்பா பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவும் நான் போட்டதாடா?”

“பாதி மீன் போட்டதுப்பா” என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “உங்கம்மா இருந்தா சொல்லியிருப்பா. பசிக்குதோ இல்லையோ, வர்றவங்க இலையை நிரப்பாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கா” என்றார். இரண்டு வருஷத்துக்கு மேல் அம்மாவைப் பற்றி அவராக வாய் திறந்து சொன்னது எனக்கு நினைவில்லை. நான் டியூபைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றேன். அதற்கு மேல் அவரும் பேசவில்லை. “அந்த மூலையிலயும் ஒரு குத்து குத்து” என்றார்.

பாதிக் கல்லோடு நிறுத்திக்கொண்டோம். மீதி அடுத்த வாரம். ஒரே நாளில் கல்லையும் பஞ்சையும் முழுசாகச் சுத்தம் செய்தால் சிப்பந்திகள் எல்லாரையும் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பியதாகிவிடும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு தடவை மெதுவாகப் பிழிந்தோம். பழுப்பாகத்தான் இருந்தது. இருக்கட்டும் என்று அப்படியே வைத்தோம். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “இதுதான் சுத்தமா?” என்றாள். “ஊத்துக்கண்ணும்மா அது” என்றார் அப்பா.

டேங்க் கிளீனர் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆசாமி. பாசியைக் கொஞ்சம் மேயும் என்பது நிஜம். தின்றதைவிட அதிகமாகக் கழியும் என்பதும் நிஜம். பதவியின் பேரே ‘கிளீனர்’ என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு அடிக்கு மேலேயே வளரும். வளர்ந்ததும் இடம் போதவில்லை என்று சிலர் புண்ணியம் செய்கிற மாதிரி ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தப் புண்ணியம் மட்டும் வேண்டாம். ஏரியில் அது பெருகி நம் ஊர் மீன்களின் பிழைப்பில் மண்ணைப் போடுகிறது. வைத்துக்கொள்ள முடியாவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அழுக்குத் தண்ணீர் 20 லிட்டரையும் சாக்கடையில் விடவில்லை. பால்கனிக் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் ரோஜாவுக்கும் ஊற்றினோம். மீனுக்கு ஆகாத நைட்ரேட் செடிக்கு உரம். பிறகு புதுத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக, ஒரு தட்டின் மேல் விழும்படி ஊற்றினார் அப்பா. பிளக்கைச் சொருகினேன். ஒயரைப் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கவிட்டோம். ஒயர் வழியாக இறங்கும் சொட்டு பிளக்குக்குப் போகாமல் கீழேயே விழுந்துவிடும்.

எல்லாம் முடிந்தபோது தண்ணீர் கொஞ்சம் கலங்கலாகவே இருந்தது. எதிர் ஃப்ளாட் சார் வந்து பார்த்து, “இவ்வளவுதானா?” என்று உதட்டைப் பிதுக்கினார். அன்று ராத்திரி பதினோரு மணிக்கு நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அப்பா இருட்டில் தொட்டி எதிரே உட்கார்ந்திருந்தார். பெரிய மீன் இன்னும் மேலேயேதான் இருந்தது. “நீ போய்ப் படு. நான் பார்த்துக்கறேன்” என்றார். ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் அவர் சொன்னது இதே வார்த்தைதான்.

காலையில் காபி வாசனைக்கு நான் எழுந்து வந்தபோது தண்ணீர் தெளிந்திருந்தது. பெரிய மீன் கீழே இறங்கி, கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தது. அப்பா நாலு இட்லி சாப்பிட்டார்.

இப்போது தொட்டிப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு தொங்குகிறது. கோடு போட்டு, தேதி, மாற்றிய லிட்டர், தீனி வேளை, ‘குறிப்பு’ என்று நாலு கலம். வாரம் 12 லிட்டர் தண்ணீர். மாதம் ஒரு தடவை பஞ்சு. தீனி காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, இரண்டு நிமிஷத்தில் தீருகிற அளவு. 35 வருஷம் ரிக்கார்டு பார்த்தவர், ஒரு வாரம்கூடக் கலம் காலியாக இல்லை. இந்த விதியை நான் போடவில்லை. போட எனக்கு வாயும் வந்திருக்காது. அந்தப் பக்கெட்டைப் பார்த்த அன்றே அவராகப் போட்டுக்கொண்டது.

“அப்ப நடுவுல ஓடி வந்தா என்னப்பா பண்றீங்க?” என்று கேட்டேன்.

“கண்ணாடில விரலை வைக்கிறேன். கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுப் போகுது. அதுக்கு அது போதும் போலிருக்கு” என்றார்.

போன வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆபீஸில் முக்கியமான மீட்டிங். போன் அடித்தது. அப்பா.

“டேய், பெரிய பக்கெட்ல தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன். நான் கோயிலுக்குக் கெளம்பறேன். அந்தப் பொண்ணு வந்ததும் அதுல துணியை ஊறப் போட்டுடப் போகுது. இப்பவே போன் பண்ணி சொல்லிடு.”

மேனேஜர் முறைத்தார். “யார் அது, இவ்வளவு அவசரமா?”

“வாட்டர் போர்டு சேர்மன் சார்” என்று சொல்லிவிட்டு, வெளியே போய் மனைவிக்கு போன் போட்டேன்.